பந்துகையாளி பின்காவலர்: உறுதியும் தர வரிசையும்

கூடைப்பந்தாட்டத்தில் பந்தைத் தன் பாதியிலிருந்து எதிரணியின் பாதிக்குக் கொண்டு சென்று, தாக்குதலைத் தொடங்கி வைக்கும் ஆட்டக்காரர் பந்துகையாளி பின்காவல் எனப்படுகிறார். திடலில் எல்லோரும் சொல்வது பாயிண்ட் கார்டு என்றுதான். இக்கட்டுரையிலும் அந்தச் சொல்லே ஆளப்படுகிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. சங்கத்தில் இந்த இடத்தில் ஆடியவர்களுள் யார் முதல்வர், யார் அடுத்தவர் என்ற வாதம் பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. புள்ளி, கோப்பை, விருது ஆகியவற்றை எண்ணி முடித்த பிறகு அந்த வாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: இவர்களுள் உறுதி மிக்கவர் யார்?

ஆங்கிலத்தில் இதற்கு 'டஃப்னஸ்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதற்குள் அடைத்துவிடுகிறார்கள். தமிழில் அப்படி அடைக்க முடியாது. வலியைப் பொறுத்துக்கொள்வது பொறை. நெருக்கடியில் கை நடுங்காமல் ஆடுவது நெஞ்சுரம். ஆண்டுக்கணக்கில் தளராமல் ஆடுவது திண்மை. விழுந்த பின் மீண்டு வருவது விடாமுயற்சி. பிறரை இடித்துத் தள்ளுவது முரட்டுத்தனம். இவை ஐந்தும் வெவ்வேறு. ஒருவர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு பேச, மற்றவர் வேறொன்றை வைத்துக்கொண்டு மறுக்க, விவாதம் செக்குமாடு போலச் சுற்றி வருகிறது.

ஏன் இந்த இடத்துக்கு மட்டும் இந்தக் கேள்வி?

கூடைப்பந்து உயரமானவர்களின் ஆட்டம். என்.பி.ஏ. ஆட்டக்காரரின் சராசரி உயரம் ஏறத்தாழ 6 அடி 6 அங்குலம். பாயிண்ட் கார்டுகளோ பெரும்பாலும் அதைவிடக் குட்டையானவர்கள். பாப் கூசி, ஐசேயா தாமஸ், ஜான் ஸ்டாக்டன் மூவரும் 6 அடி 1 அங்குலம். கிறிஸ் பால் 6 அடி. வீதியில் இவர்கள் நெடியவர்கள். களத்தில் சிறுவர்கள் போலத் தோன்றுவார்கள்.

அவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பாருங்கள். பந்து கைக்கு வந்ததும் 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும்; 24 நொடிக்குள் அணி கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அதற்குள் எதிரணியின் காவலர் ஒருவர் உடலோடு ஒட்டிக்கொண்டு பந்தைப் பறிக்கப் பார்ப்பார். அவரை ஏமாற்றி உள்ளே நுழைந்தால் கூடையடியில் 7 அடி மனிதர் ஒருவர் காத்திருப்பார். எதிரணி பந்தோடு வரும்போதும் நிம்மதி இல்லை. தாம் காவல் காக்கும் ஆளைத் துரத்தும்போது, எதிரணியின் பருத்த ஆட்டக்காரர் ஒருவர் வழியில் சுவர் போல நின்று மறிப்பார். ஸ்கிரீன் எனப்படும் இந்த மறிப்பில் ஓர் ஆட்டத்தில் பல முறை மோதித்தான் ஆக வேண்டும். அணியிலேயே சிறிய உடலுக்கு அதிக மோதல் என்பதே இந்த இடத்தின் விதி. அதனால்தான் நடு ஆட்டக்காரரிடம் கேட்காத கேள்வியைப் பாயிண்ட் கார்டிடம் கேட்கிறார்கள்.

முதல் இடத்தில் பெரிய சண்டை இல்லை

பெரும்பாலான பட்டியல்களில் முதலிடம் மேஜிக் ஜான்சனுக்கு. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கு 1980, 1982, 1985, 1987, 1988 ஆகிய ஐந்து ஆண்டுகளில் கோப்பை. மூன்று முறை மிக மதிப்புமிக்க வீரர் விருது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 11.2 அசிஸ்ட். கூடையில் விழும் எறிவுக்கு முந்திய கடைசி வழங்கலே அசிஸ்ட் எனக் கணக்கிடப்படுகிறது. பாயிண்ட் கார்டுக்கு அதுதான் முதன்மையான மதிப்பெண். மேஜிக் மேற்சொன்ன உயர விதிக்கு முழு விலக்கு: 6 அடி 9 அங்குலம். 1980 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், அணியின் நடு ஆட்டக்காரர் கரீம் அப்துல் ஜபார் கணுக்கால் சுளுக்கால் வராதபோது, 20 வயதே ஆன முதலாண்டு வீரரான மேஜிக் அவர் இடத்தில் இறங்கி 42 புள்ளி, 15 மீள்பந்து, 7 அசிஸ்ட் எடுத்துக் கோப்பையை முடித்துக் கொடுத்தார். நெஞ்சுரம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

அண்மை ஆண்டுகளில் ஸ்டீபன் கரியை அவருக்கு இணையாகவோ மேலாகவோ வைப்போர் பெருகியுள்ளனர். மற்றபடி உண்மையான பூசல் மூன்றாம் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே ஆஸ்கர் ராபர்ட்சன், ஐசேயா தாமஸ், ஜான் ஸ்டாக்டன், கிறிஸ் பால், ஸ்டீவ் நாஷ், ஜேசன் கிட் எனப் பலர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். உறுதி என்ற சொல் அங்கேதான் எடுத்து வீசப்படுகிறது.

ஒற்றைக்காலில் 25 புள்ளி

உறுதி பற்றிப் பேசுவோர் முதலில் சொல்லும் பெயர் ஐசேயா தாமஸ். சிகாகோவின் ஏழ்மையான மேற்குப் பகுதியில் வளர்ந்தவர். 1981 முதல் 1994 வரை டெட்ராயிட் பிஸ்டன்ஸ் அணிக்கு மட்டுமே ஆடியவர். பார்த்தால் சிரித்த முகம். ஆனால் அவர் தலைமை தாங்கிய அணிக்கு 'பேட் பாய்ஸ்', அதாவது போக்கிரிகள், என்று பெயர்.

1988 ஜூன் 19. இறுதித் தொடரில் பிஸ்டன்ஸ் 3-2 என முன்னிலை. இன்னும் ஓர் ஆட்டம் வென்றால் அணியின் வரலாற்றில் முதல் கோப்பை. லேக்கர்ஸ் அணியின் சொந்தத் திடலில் மூன்றாம் கால்பகுதி தொடங்கியதும் தாமஸ் தொடர்ச்சியாக 14 புள்ளிகளை எடுத்தார். பின்னர் ஓடும்போது மைக்கேல் கூப்பர் என்ற எதிரணி வீரரின் பாதத்தின் மேல் கால் பட்டு, வலது கணுக்கால் மடங்கியது. விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மீண்டும் களத்துக்கு வந்துவிட்டார். நொண்டி நொண்டி, ஒரு காலை ஊன்றி எறிந்து, மேலும் 11 புள்ளிகள். அந்த ஒரே கால்பகுதியில் 25. இறுதித் தொடரில் ஒரு கால்பகுதிக்கான சாதனை அது. ஆட்டம் முழுவதும் சேர்த்து 43.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் இவ்விடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தில் பிஸ்டன்ஸ் 103-102 எனத் தோற்றது. கடைசி 14 நொடியில் கரீமுக்கு வழங்கப்பட்ட இரண்டு தண்ட எறிவுகள் ஆட்டத்தை மாற்றின; அந்தத் தவறே நடக்கவில்லை என்று டெட்ராயிட் ரசிகர்கள் இன்றும் வாதாடுவார்கள். இரண்டு நாள் கழித்து நடந்த ஏழாவது ஆட்டத்தில் வீங்கிய காலோடு தாமஸால் அதிகம் செய்ய முடியவில்லை. 108-105, கோப்பை லேக்கர்ஸுக்கு. அடுத்த ஆண்டு, 1989-இல், பிஸ்டன்ஸ் அதே லேக்கர்ஸை 4-0 என வென்றது. 1990-இல் மீண்டும் கோப்பை. இறுதித் தொடரின் சிறந்த வீரர் தாமஸ்.

தாமஸின் பெருமை எது என்று என்னைக் கேட்டால், 1988-இன் அந்தக் கால்பகுதியைவிட அதற்குப் பிந்திய இரண்டு ஆண்டுகளையே சொல்வேன். ஆனால் படமாக மனத்தில் நிற்பது நொண்டிய கால்தான்.

19 ஆண்டுகளில் 22 நாள்

ஜான் ஸ்டாக்டனிடம் அப்படிப்பட்ட படம் எதுவும் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரத்துக்காரர். 1984-இல் யூட்டா ஜாஸ் அணி 16-ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தபோது அணியின் ரசிகர்களுக்கே அவர் யாரென்று சரியாகத் தெரியாது. குட்டைக் கால்சட்டை, ஒழுங்காக வாரிய தலை, களத்தில் சத்தமே இல்லாத குணம். ஒரு வங்கி எழுத்தரைப் போல இருப்பார்.

அவருடைய கணக்கு இது. 19 பருவங்களில் ஜாஸ் அணி ஆடிய வழக்கமான ஆட்டங்கள் 1,526. அவற்றுள் ஸ்டாக்டன் ஆடியவை 1,504. வராதவை 22 மட்டுமே. அதிலும் 18 ஆட்டங்கள் 1997-98 பருவத்தில் முழங்கால் அறுவையால் போனவை. மீதி 4 ஆட்டங்கள் 1989-90 பருவத்தில். மற்ற 17 பருவங்களில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. 41 வயதில் ஓய்வு பெற்றபோதும் அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களிலும் ஆடிவிட்டுத்தான் போனார்.

அதன் விளைவு 15,806 அசிஸ்ட், 3,265 பந்துப் பறிப்பு. இரண்டும் எல்லாக் காலத்துக்குமான சாதனைகள். 15,806 எவ்வளவு பெரிய எண் என்பதை மாணவர்கள் ஒரு பெருக்கலில் உணரலாம். ஓர் ஆட்டத்துக்கு 10 அசிஸ்ட் எடுப்பதே ஒரு பருவத்தில் மிகச் சிலருக்கு மட்டும் கைகூடுவது. அதை ஒருவர் 82 ஆட்டங்களிலும், ஒன்றுகூட விடாமல், 19 ஆண்டுகள் செய்தால் 15,580 வரும். அப்போதும் ஸ்டாக்டனுக்கு 226 குறைவு.

இவரைக் குறைத்துச் சொல்வோர் இரண்டு வாதங்களை வைக்கிறார்கள். ஒன்று, கோப்பை இல்லை. 1997, 1998 இரண்டு ஆண்டுகளிலும் இறுதிவரை வந்து மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் அணியிடம் தோற்றார். மற்றொன்று, அவர் நீண்ட காலம் ஆடியதால்தான் அந்த எண் வந்தது என்பது. இரண்டாம் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. மேஜிக்கின் 11.2 சராசரியில் 1,504 ஆட்டங்கள் ஆடியிருந்தால் 16,800-க்கு மேல் வந்திருக்கும். ஆனால் மேஜிக் ஆடியது 906 ஆட்டங்களே. எச்.ஐ.வி. தொற்று காரணமாக 1991 நவம்பர் 7 அன்று 32 வயதில் ஓய்வை அறிவிக்க நேர்ந்தது அவர் குற்றமன்று. ஆனாலும் 'ஆடியிருந்தால்' என்பதை மதிப்பெண் பட்டியலில் எழுத முடியாது. பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எழுதிய விடைக்குத்தான் மதிப்பெண்.

'நீண்ட காலம் ஆடியதால்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நீண்ட காலம் எங்கிருந்து வந்தது? இவரும் அதே மறிப்புகளில் மோதியவர்தான். சொல்லப்போனால் தம்மைவிட ஓரடி உயரமானவர்களுக்கு இவரே மறிப்பு வைப்பார். அவை முரட்டுத்தனமானவை என எதிரணியினர் குறைகூறியதும் உண்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்கு முந்திய தகுதிப் போட்டியில் காலெலும்பு முறிந்தது. ஒலிம்பிக்கில் கடைசிச் சில ஆட்டங்களில் ஆடினார். அடுத்து வந்த என்.பி.ஏ. பருவத்தில் 82 ஆட்டங்களிலும் இருந்தார்.

தாமஸும் ஸ்டாக்டனும் நேரடியாக மோதிய கதையொன்றும் உண்டு. அதே ஒலிம்பிக் அணிக்குத் தாமஸ் தேர்ந்தெடுக்கப்படவில்லை, ஸ்டாக்டன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1991 நவம்பரில் ஜாஸ் அணிக்கு எதிராகத் தாமஸ் 44 புள்ளிகள் குவித்தார். அடுத்த மாதம் இரு அணிகளும் மீண்டும் சந்தித்தபோது, ஸ்டாக்டனின் தோழர் கார்ல் மலோனின் முழங்கை தாமஸின் புருவத்தில் பட்டு 40 தையல்கள் போட வேண்டி வந்தது. பழிவாங்கலா, தற்செயலா என்று இன்றும் பேசுகிறார்கள். தையல் போட்டுக்கொண்டு தாமஸ் அதே ஆட்டத்துக்குத் திரும்பினார். தாமஸ் பக்கத்து ரசிகர்கள் இந்தக் கதையைத்தான் துருப்புச்சீட்டாக இறக்குவார்கள். இது பொறைக்குச் சான்று, மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்டாக்டன் தாழ்ந்தவர் என்பதற்கு இது எப்படிச் சான்றாகும்?

இதே வரிசையில் சொல்லத்தக்கவை இன்னும் சில. 2010-இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் ஒரு கண் முழுதாக வீங்கி மூடிய நிலையில் ஸ்டீவ் நாஷ் ஆடி, பீனிக்ஸ் சன்ஸ் அணிக்குத் தொடரை 4-0 என வென்று கொடுத்தார். 2011-இல் பாஸ்டனின் ராஜான் ராண்டோ இடது முழங்கை மூட்டு விலகி, அதைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு அதே ஆட்டத்தில் ஒற்றைக்கையால் ஆடினார். 2015-இல் கன்ன எலும்பு முறிந்த ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் ஓர் ஆட்டம் மட்டும் விடுபட்டு, முகக்கவசத்தோடு வந்து 49 புள்ளி, 16 மீள்பந்து, 10 அசிஸ்ட் எடுத்தார். நாஷைப் பற்றி ஒன்று கூடுதலாகச் சொல்லலாம். அவருக்கு முதுகெலும்பு நழுவல் கோளாறு இருந்தது. ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் பெஞ்சில் உட்கார, அவர் களத்தின் ஓரத்தில் தரையில் மல்லாந்து படுத்திருப்பார். மிக மதிப்புமிக்க வீரர் விருதை 2005, 2006 என அடுத்தடுத்து வாங்கியவர் அப்படித்தான் ஆடினார். ஒரு நாள் வீங்கிய கண்ணைவிட, தினமும் தரையில் படுத்தெழுந்த அந்த முதுகு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

விதிகள் மாறின, அளவுகோலும் மாறியது

'அந்தக் காலத்தில் இவர் தாக்குப்பிடித்திருப்பாரா?' என்பது இந்த விவாதத்தில் தவறாமல் வரும் கேள்வி. அதற்கு விதிகளின் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும்.

24 நொடிக் கடிகாரம் 1954-55 பருவத்தில்தான் வந்தது. அதற்கு முன் முன்னிலையில் உள்ள அணி பந்தை வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். பின்தங்கிய அணிக்கு ஆளை அடித்துத் தடுப்பதே வழி. 1953 மார்ச் 21 அன்று பாஸ்டனின் பாப் கூசி, நான்கு கூடுதல் நேரப் பகுதிகள் வரை நீண்ட பிளேஆஃப் ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்தார். அதில் 30 புள்ளிகள் தண்ட எறிவில் வந்தவை. எத்தனை அடி வாங்கியிருப்பார் என்பதை அந்த எண்ணே சொல்லும்.

அடுத்தது கைவைத்துத் தடுத்தல். பந்தோடு வருபவரின் இடுப்பில் உள்ளங்கையையோ முன்கையையோ ஊன்றி, அவரை விரும்பிய திசையில் தள்ளிக்கொண்டே போவது ஒரு காலத்தில் காவலின் அடிப்படைப் பாடம். 1990-களில் 'கையுறை' என்ற பட்டப்பெயரோடு ஆடிய கேரி பேட்டன் இக்கலையில் தேர்ந்தவர். 1996-இல் சிறந்த காவல் வீரர் விருதும் பெற்றார். இந்தப் பழக்கத்தைச் சங்கம் படிப்படியாகக் கட்டுப்படுத்தி, 2004-05 பருவத்தில் விதியை மிகக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது. அதன்பின் விரைவான சிறிய ஆட்டக்காரர்களுக்கு வழி திறந்தது என்பது உண்மை.

ஆகவே பழைய வீரர்களே உறுதியானவர்கள் என்று முடிவு கட்டலாமா? கூடாது. மூன்று புள்ளிக் கோடு 1979-80 பருவத்தில் வந்தது. அதன் முழுப் பயனும் அண்மைக் காலத்தில்தான் எடுக்கப்பட்டது. இன்று காவல் காப்பவர் கூடையிலிருந்து 25, 30 அடி தொலைவு வரை ஓடிக் காக்க வேண்டும். அடி குறைந்தது, ஓட்டமும் திடீர்த் திருப்பமும் கூடின. உடல் தேய்வது வேறு இடத்தில் தேய்கிறது, அவ்வளவுதான்.

எண்களிலும் இதே சிக்கல். ஆஸ்கர் ராபர்ட்சன் 1961-62 பருவம் முழுவதும் சராசரியாக 30.8 புள்ளி, 12.5 மீள்பந்து, 11.4 அசிஸ்ட் எடுத்தார். மூன்றிலும் இரட்டை இலக்கம் என்பதால் இது டிரிபிள் டபுள் எனப்படும். 2016-17-இல் வெஸ்ட்புரூக் இதை மீண்டும் செய்யும்வரை வேறு யாராலும் முடியவில்லை. ஆனால் ராபர்ட்சன் காலத்தில் ஆட்டம் மிக வேகமானது. எறிவுகள் அதிகம், தவறியவையும் அதிகம், எனவே பிடிக்கக் கிடைத்த மீள்பந்துகளும் அதிகம். மறுபக்கம், பந்துப் பறிப்பை 1973-74 பருவம் முதல்தான் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ராபர்ட்சன் 1974-இல் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பறித்த பந்துகள் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் இல்லை.

ராபர்ட்சனின் உறுதி வேறு வகை. இண்டியானாபொலிஸ் நகரில் கறுப்பின மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி 1955-இல் மாநிலக் கோப்பையை வென்றது. முழுவதும் கறுப்பின மாணவர்களைக் கொண்ட ஒரு பள்ளி இப்படி மாநிலக் கோப்பை வென்றது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. வென்ற அணியை நகர மையத்தில் வைத்துக் கொண்டாடுவது வழக்கம்; இவர்களை அங்கிருந்து கறுப்பர் வாழும் பகுதியின் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அணியின் நட்சத்திரம் ராபர்ட்சன். பின்னாளில் வீரர்கள் சங்கத்தின் தலைவராக, ஆட்டக்காரரை ஒரே அணியோடு கட்டிப்போட்ட ஒப்பந்த முறையை எதிர்த்து, 1970-இல் என்.பி.ஏ. மீதே வழக்குத் தொடுத்தார். அப்போது அவர் ஆடிக்கொண்டிருந்தவர். சம்பளம் தரும் முதலாளிகள் மீதுதான் வழக்கு. அது 1976-இல் உடன்பாட்டில் முடிந்து, இன்றைய வீரர்கள் அணி மாறும் உரிமைக்கு வழி வகுத்தது. தர வரிசைகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. கணுக்காலைக் காட்டி உறுதி பேசுவோர் இதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

உடையும் கணுக்கால் என்று பெயர் எடுத்தவர்

ஸ்டீபன் கரி மீது வைக்கப்படும் குறை, அவர் மென்மையானவர் என்பது. 6 அடி 2 அங்குலம், மெலிந்த உடல், தொலைவிலிருந்து எறிபவர், எறிந்துவிட்டுச் சிரிப்பவர்.

தொடக்கத்தில் அவருடைய வலது கணுக்கால் திரும்பத் திரும்ப மடங்கியது. 2011-இல் ஓர் அறுவை, 2012-இல் மற்றொன்று. 66 ஆட்டங்களாகச் சுருங்கிய 2011-12 பருவத்தில் அவர் ஆடியது 26 ஆட்டங்களே. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி அவருக்கு நான்கு ஆண்டுக்கு 4 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தபோது, அந்தக் கணுக்காலை நம்பிப் பணம் போடுவதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதற்கு அவர் செய்தது வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவதை அன்று. பயிற்சியாளர்களோடு சேர்ந்து, கணுக்கால் ஏன் இவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று ஆராய்ந்து, இடுப்பையும் தொடையையும் வலுப்படுத்தி, சுமையை அங்கே மாற்றினார்கள். திசை திரும்பும் முறையையே புதிதாகப் பழகினார். அடுத்த பருவம் 78 ஆட்டங்கள் ஆடினார். 2015, 2017, 2018, 2022-இல் கோப்பைகள். 2015-16-இல் ஒரே பருவத்தில் 402 மூன்று புள்ளி எறிவுகள். அந்த ஆண்டு மிக மதிப்புமிக்க வீரர் விருதுக்கான வாக்குகள் அனைத்தும் அவருக்கே. அதற்கு முன் யாரும் ஒருமனதாக அவ்விருதைப் பெற்றதில்லை.

2022 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் எதிரணியின் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் அவர் காலின் மேல் விழுந்தார். அடுத்த ஆட்டத்தில், பாஸ்டன் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே, 43 புள்ளிகள். அத்தொடரின் சிறந்த வீரரும் அவரே. முரடர் அல்லர் என்பதற்காக ஒருவரை உறுதியற்றவர் என்றால், அது சொல்லைப் புரிந்துகொள்ளாமல் பேசுவதாகும்.

மருத்துவர் நிற்கச் சொல்லும்போது

இவ்விவாதத்தில் எனக்குக் கவலை தரும் பகுதி ஒன்று உண்டு. காயத்தோடு ஆடியவர்களை மட்டும் உயர்த்திப் பேசப் பேச, ஆடாமல் நின்றவர் கோழை என்ற எண்ணம் இளைஞர் மனத்தில் ஏறிவிடுகிறது.

சிகாகோவின் டெரிக் ரோஸ் 2011-இல் 22 வயதில் மிக மதிப்புமிக்க வீரர் ஆனார். அவ்வளவு இளம் வயதில் அவ்விருதை வேறு யாரும் பெற்றதில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று பிளேஆஃப் முதல் ஆட்டத்திலேயே முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் கிழிந்தது. அறுவைக்குப் பின் 2012-13 பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. ஆடலாமே, ஏன் ஆடவில்லை என்று ரசிகர்களும் விமர்சகர்களும் அவரைக் குடைந்தெடுத்தார்கள். அடுத்த பருவம் திரும்பி வந்தார். சில வாரங்களிலேயே மற்ற முழங்கால் பழுதானது. அதன்பின் பழைய வேகம் திரும்பவில்லை. ஆனாலும் பல அணிகள் மாறி ஆடிக்கொண்டே இருந்தார். 2018 அக்டோபர் 31 அன்று மினசோட்டா அணிக்காக 50 புள்ளிகள் எடுத்துவிட்டுக் களத்திலேயே அழுதார்.

2025 இறுதித் தொடரில் நடந்தது இன்னும் கூர்மையானது. இண்டியானா பேசர்ஸ் அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கு ஐந்தாவது ஆட்டத்தில் வலது கெண்டைக்கால் தசை பிசகியது. ஆறாவது ஆட்டத்தில் ஆடி அணி வெல்ல உதவினார். ஜூன் 22, ஏழாவது ஆட்டம். முதல் கால்பகுதியில் மூன்று முறை தொலைவிலிருந்து எறிந்து 9 புள்ளிகள் எடுத்தார். பிறகு பந்தோடு திரும்பும்போது யாரும் தொடாமலே கீழே விழுந்து, கையால் தரையை அறைந்தார். வலது குதிகாலின் அக்கில்லிஸ் தசைநாண் அறுந்துவிட்டது. கோப்பை ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்குப் போனது. 2025-26 பருவம் முழுவதும் ஹாலிபர்ட்டன் ஆட மாட்டார் என்று பேசர்ஸ் அறிவித்தது.

கெண்டைக்கால் தசைதான் கீழே இறங்கி அக்கில்லிஸ் தசைநாணாகக் குதிகாலில் முடிகிறது. முதல் காயத்தால்தான் இரண்டாவது வந்தது என்று வெளியிலிருந்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிசகிய தசையோடு ஓடுவதில் ஆபத்து இருந்தது என்பது ஹாலிபர்ட்டனுக்கே தெரியும். பின்னர் அவர், மீண்டும் அதே நிலை வந்தால் மீண்டும் ஆடுவேன் என்ற பொருளில் எழுதினார். 25 வயதான மனிதர், தம் தொழிலின் உச்ச நாளில், மருத்துவர்களைக் கேட்டறிந்து, தாமே எடுத்த முடிவு அது. அவருக்கு அதற்கு உரிமை உண்டு. அதை வீரம் என்று சொல்வோரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். மாவட்டப் போட்டியில் ஆடும் 15 வயது மாணவருக்கு அது பொருந்தாது. வளரும் எலும்பு அது. பக்கத்தில் அணி மருத்துவரும் இல்லை. கணுக்கால் வீங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும். உட்காரச் சொல்வது ஆசிரியரின் வேலை.

கிறிஸ் பாலின் நிலை இதற்கு மறுபுறம். அசிஸ்ட், பந்துப் பறிப்பு இரண்டிலும் ஸ்டாக்டனுக்கு அடுத்த இடம் அவருக்கு. ஆனால் 2018-இல் ஹூஸ்டன் அணி 3-2 என முன்னிலையில் இருந்தபோது தொடைத் தசை பிடித்துக்கொண்டு அவரால் கடைசி இரு ஆட்டங்களிலும் இறங்க முடியவில்லை. அணி இரண்டிலும் தோற்றது. 'முக்கியமான நேரத்தில் உடைந்துவிடுபவர்' என்று அவரைப் பட்டியலில் கீழே தள்ளுகிறார்கள். தசை கிழிவது குணக்குறை ஆகாது. கோப்பை இல்லை என்பது வேறு கணக்கு, அதைத் தாராளமாகக் கழித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் வரிசை?

சங்கமே இதில் எச்சரிக்கையாக இருந்திருக்கிறது. 1996-இல் தன் 50-ஆம் ஆண்டையொட்டி 50 வீரர்களையும், 2021-இல் 75-ஆம் ஆண்டையொட்டி, வாக்குகள் சமமானதால், 76 வீரர்களையும் தேர்ந்தெடுத்து அறிவித்தது. இரண்டு முறையும் இடம் குறிக்கவில்லை. பெயர்களை வெளியிட்டு, வரிசையை ரசிகர்களிடம் விட்டுவிட்டது.

என் வரிசை கேட்கப்பட்டால் மேஜிக், கரி, ராபர்ட்சன், ஸ்டாக்டன், தாமஸ் என்று எழுதுவேன். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையில் கையை அதிகம் அழுத்தாமல் எழுதுவேன். தாமஸுக்கு இரண்டு கோப்பைகள் இருக்க, கோப்பை இல்லாத ஸ்டாக்டனை மேலே வைப்பது பலருக்கு ஒப்பாது. கோப்பை அணி வாங்குவது. 1,504 நாள் வந்து நிற்பது ஒருவர் செய்வது என்பதே என் சமாதானம்.

இந்த ஐவரிலும் வராத ஒருவரையும் சொல்ல வேண்டும். 6 அடி 1 அங்குல உயரமுள்ள நேட் ஆர்ச்சிபால்டு 1972-73 பருவத்தில் சராசரி 34.0 புள்ளி, 11.4 அசிஸ்ட் எடுத்து, சராசரிகளில் இரண்டிலும் ஒருங்கே முதலிடம் பிடித்தார். வேறு யாரும் அதைச் செய்ததில்லை. ஆட்டம் 48 நிமிடம். அந்தப் பருவத்தில் அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 46 நிமிடம் களத்தில் இருந்தார். பின்னாளில் அவருக்கும் அக்கில்லிஸ் தசைநாண் அறுந்தது. மீண்டு வந்து 1981-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியோடு கோப்பை வென்றார். பெரும்பாலான பட்டியல்களில் அவர் பெயர் முதல் பத்துக்குள் வருவதே அரிது.